இரண்டு எம்.ஜி.ஆர்., ஒரு செஞ்சி

1962-ஆம் வருடம் என்று நினைவு. எனக்குப் பத்து வயது. திண்டிவனம் – மரக்காணம் சாலையில், எங்கள் பிரம்மதேசத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். படம் 'ராஜா தேசிங்கு'. பட்டணத்தில் 1960 செப்டம்பரில் வந்த படம், எங்கள் பக்கம் வந்து சேர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. செஞ்சிக் கதை என்பதால் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

நானும் என் பள்சிநேகிதனும் தரை டிக்கெட். அவன் எங்கள் தெருக்கோடியில் இருந்த தையல்காரர் பாயின் மகன். ஸ்கூலில் ஒரே பெஞ்சு. கொட்டகையில் மண்ணைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்தால்தான் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. அந்த வேலையை நான் செய்வேன். விசில் அடிப்பது அவன் வேலை. இரண்டு விரலை நாக்குக்கடியில் மடக்கி அவன் அடித்தால் மாடு மிரளும். எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது.

அந்தப் படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். ஒருவர் செஞ்சி ராஜா தேசிங்கு. இன்னொருவர் எதிர்த்தரப்பில் தாவுத்கான். ஒரு தகப்பனுக்கு இரண்டு தாய் வழியில் பிறந்த பிள்ளைகள். ஒருவரை ஒருவர் இன்னாரென்று அறியாமல் வாள் எடுத்து நிற்கிறார்கள்.

கொட்டகையில் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. எம்.ஜி.ஆர். கத்தி எடுத்தால் விசில் அடிக்க வேண்டும், வில்லன் எடுத்தால் உஷ் கொட்ட வேண்டும். இதுதான் நமக்குத் தெரிந்த சட்டம். இரண்டு பக்கமும் எம்.ஜி.ஆரே நின்றால் என்ன செய்வது? முன்வரிசையில் ஒரே சளசளப்பு. பின்னாலிருந்து ஒரு பெரியவர் அதட்டினார்: "எவன் ஜெயிச்சாலும் நம்ம வாத்தியாருதான்டா, சும்மா பாருங்கடா!"

படம் முடிந்து இருட்டில் நடந்து வரும்போது நாங்கள் இருவரும் பேசவில்லை. இரண்டு பேரும் அழுதிருந்தோம். எம்.ஜி.ஆர். சாகிற படம் என்பதாலோ என்னவோ, அது எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்று பிற்பாடு படித்தேன். எனக்கு மட்டும் அது மறக்கவேயில்லை. சண்டைக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டு பக்கத்திலும் நம் ஆள் இருக்க முடியும் என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தக் கொட்டகைதான்.

எதிரி முகாமிலும் ஒரு கேமரா

சென்னையில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நண்பர் இழுத்துக்கொண்டு போய் 'தோரா! தோரா! தோரா!' பார்க்க வைத்தார். 1970-இல் வந்த ஆங்கிலப் படம். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பெர்ல் ஹார்பரைத் தாக்கிய கதை. அமெரிக்கக் காட்சிகளை ரிச்சர்ட் ஃப்ளெய்ஷர் எடுத்தார். ஜப்பான் காட்சிகளை ஜப்பானிய டைரக்டர்கள் இரண்டு பேர் ஜப்பானிய மொழியிலேயே எடுத்தார்கள். அகிரா குரோசவாதான் முதலில் எடுப்பதாக இருந்து, பிறகு விலகினார்.

சண்டைக் காட்சிகளைவிட எனக்கு அதில் பிடித்தது ஆபீஸ் காட்சிகள். ஜப்பானியத் தூதரகத்தில் ஒருவர் அமெரிக்காவுக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தைத் தட்டுத்தடுமாறி டைப் அடிக்கிறார். அது போய்ச் சேருவதற்குள் குண்டு விழுந்துவிடுகிறது. இந்தப் பக்கம், விமானங்கள் வருவதை ரேடாரில் ஒரு பையன் பார்த்துச் சொல்கிறான். மேலே இருப்பவர் "கவலைப்படாதே" என்று விட்டுவிடுகிறார். வாஷிங்டனிலிருந்து புறப்பட்ட எச்சரிக்கைத் தந்தி, எல்லாம் முடிந்தபிறகு வந்து சேருகிறது. இரண்டாயிரத்து நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். பின்னாளில் ரெவின்யூ இலாகாவில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர எத்தனை நாள் ஆகும் என்று கண்ணால் பார்த்தபோதெல்லாம் அந்தப் படம் ஞாபகம் வரும்.

அதற்கு முன்பே, 1962-இல் 'தி லாங்கஸ்ட் டே' வந்திருக்கிறது. 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கிய கதை. அதில் ஜெர்மானியர்கள் ஜெர்மன்தான் பேசுவார்கள். ஹிட்லர் தூங்குகிறார், எழுப்பப் பயந்துகொண்டு டாங்கிப் படையை அனுப்ப உத்தரவு வாங்காமல் தளபதிகள் தவிக்கிறார்கள். பார்க்கிற நமக்கே ஒரு நிமிஷம், 'அட, எழுப்பித் தொலையுங்களேன்' என்று தோன்றும். அப்புறம்தான் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று உறைக்கும்.

ரிட்டையர் ஆனபிறகு மகன் வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்தவை கிளிண்ட் ஈஸ்ட்வுட்டின் இரண்டு படங்கள். 1945-இல் இவோ ஜிமா என்ற சின்னஞ்சிறு தீவில் ஐந்து வாரம் நடந்த சண்டை. அதை அமெரிக்கர் பக்கமிருந்து ஒரு படமாகவும், ஜப்பானியர் பக்கமிருந்து இன்னொரு படமாகவும் 2006-இல் ஒரே டைரக்டர் எடுத்தார். தீவைக் காத்து நின்ற சுமார் 21,000 ஜப்பானியரில் பெரும்பாலோர் மாண்டார்கள். அமெரிக்கர்கள் ஏறக்குறைய 6,800 பேர். இரண்டாவது படத்தில் ஜப்பானியச் சிப்பாய்கள் குகைக்குள் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அந்தக் கடிதத்தில் இருப்பது நம் வீட்டு விஷயம் மாதிரிதான் இருக்கிறது.

நம் பக்கத்தில் அப்படி ஏதும் உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பார்த்துவிட்டு ஜாக்சன் துரைக்கு என்ன நியாயம் என்று யாரும் கேட்டதில்லை. சுதந்திரம் கிடைத்துப் பன்னிரண்டே வருடம், கேட்கவும் தோன்றாது. சுற்றிச் சுற்றி வந்தால் நமக்குக் கிடைப்பது அந்த இரண்டு எம்.ஜி.ஆர்.தான். தேசிங்குக்குத் தாவுத்கான் என்று ஒரு சகோதரர் இருந்ததாகச் சரித்திரச் சான்று இல்லை, அது சினிமாவுக்குக் கட்டிய கதை. ஆனால் கதை கட்டியவர் தெரிந்தோ தெரியாமலோ ஒரு உண்மையைத் தொட்டிருக்கிறார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்ல வேண்டிய அவசியம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டீக்கடையில் நடந்தது

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர் இராணுவக் கோட்டைகள் என்று மொத்தம் பன்னிரண்டு. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. சிவாஜி அதைப் பிடித்தது 1677-இல். செய்தி வந்த வாரம் எங்கள் பக்கத்து டீக்கடையில் அதே பேச்சு.

என் சொந்தக்காரப் பையன் ஒருவன், நல்ல பையன், வேலை தேடிக்கொண்டிருக்கிறான். கைப்பேசியில் யாரோ அனுப்பியதை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தான். தேசிங்கு ராஜா நடத்தியது மதத்துக்காக நடந்த போராம். அவர்கள் நம்மை அழிக்க வந்தார்களாம். 'அவர்கள்' யார், 'நாம்' யார் என்று அதில் பட்டியலே இருந்தது.

என் சிநேகிதன் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தான். தினமும் காலையில் நாங்கள் அங்கேதான் சந்திப்போம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பாதி டீயைக் கிளாசோடு வைத்துவிட்டு, காசையும் வைத்துவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திறக்கவில்லை.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ரெவின்யூவில் குப்பை கொட்டியவன் நான். வரப்புத் தகராறோ, வாய்க்கால் தகராறோ, ஒரு மனு வந்தால் மனுதாரரையும் எதிர்மனுதாரரையும் நேரில் வைத்து விசாரிக்காமல், ஸ்தலத்தைப் பார்க்காமல் அறிக்கை எழுதக் கூடாது என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அந்தப் பாடத்தை டீக்கடை பெஞ்சில் மறந்துவிட்டேன். அன்று செய்யாத விசாரணையை இப்போது செய்கிறேன்.

முதல் தரப்பு: பாட்டு

செஞ்சியின் பக்கத்துச் சாட்சி நம் தேசிங்குராஜன் கதைப்பாட்டு. என் தாத்தா வீட்டில் 'பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை' இருந்தது. திருவிழாக் கடைகளில் விற்கும் புத்தகம். அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை எல்லாம் வரும் அதே வரிசைதான். தாத்தா ராகம் போட்டுப் படிப்பார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம்.

பாட்டில் தேசிங்கு தெய்வாம்சம். டில்லியில் யாருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை அடக்கித் தகப்பனை மீட்டவன். கப்பம் கேட்டு ஆள் வந்தபோது தலை நிமிர்ந்து பதில் சொன்னவன். சண்டைக்குப் புறப்படுமுன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கப் போகிறான். பெருமாள் 'இன்று வேண்டாம்' என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்றும் சிங்கவரம் போனால், குடைவரையில் பள்ளிகொண்ட பெருமாளின் தலை கொஞ்சம் திரும்பி இருப்பதைக் காட்டி இந்தக் கதையைச் சொல்வார்கள். பெருமாள் தடுத்தும் தேசிங்கு போகிறான்.

இனிதான் முக்கியம். அவன் ஆள் அனுப்பிக் கூப்பிடுவது யாரை? மோவுத்துக்காரனை. மகபத்கான் என்ற பெயர்தான் நம் வாயில் மோவுத்துக்காரன் ஆகிவிட்டது. அவன் அப்போது வழுதாவூரில் கல்யாண மாப்பிள்ளை. சிநேகிதனிடமிருந்து ஓலை வந்ததும் கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டுக் குதிரை ஏறுகிறான். ஆற்றில் வெள்ளம். மற்றவர்கள் தயங்கி நிற்க, இவர்கள் இறங்கிக் கடக்கிறார்கள். கடலி வெளியில் சண்டை. மோவுத்துக்காரன் விழுகிறான். அதற்குப் பிறகு தேசிங்குக்கும் உயிர் வேண்டியிருக்கவில்லை. தாத்தா படித்ததில், எதிரி கையால் அவன் சாகவில்லை. தன் வாளை மேலே எறிந்து, அதைத் தன் மார்பிலேயே வாங்கிக்கொண்டான். அந்த இடம் வந்ததும் தாத்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

நூறு தடவை கேட்ட கதை. ராஜாவுக்காகக் கல்யாணத்தை விட்டு வந்து உயிர் கொடுத்தவன் ஒரு முஸ்லிம் என்பதைப் பாட்டு ஒளிக்கவே இல்லை. அதைத்தான் அது உச்சத்தில் வைத்துப் பாடுகிறது. கைப்பேசியில் வந்த பட்டியலில் அந்த ஒரு ஆளைக் காணோம்.

எதிர்த்தரப்பு: பாரசீகம்

எதிர்மனுதாரர் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். அவர் பக்கத்துச் சாட்சியாக ஒரு பாரசீக நூல் இருக்கிறது, 'சயீத் நாமா' என்று பெயர். நவாபின் பெருமையைச் சொல்ல அவருடைய காலத்திலேயே எழுதியது. வேல்செரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் ஆகிய மூவர் சேர்ந்து 2001-இல் வெளியிட்ட ஆங்கில நூல் ஒன்றில், நம் கதைப்பாட்டையும் பாரசீக நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். என் மகள் வாங்கிக் கொடுத்தாள், அகராதியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். அதற்கும் முன்பே, 1943-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சியின் வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார்.

இவற்றைப் படித்தால் வழக்கு வேறு மாதிரி தெரிகிறது. செஞ்சியை மராட்டியர் ராஜாராம் கையிலிருந்து எட்டு வருடம் முற்றுகை போட்டு 1698-இல் பிடித்தவை ஔரங்கசீப்பின் படைகள். அந்தப் படையில் புந்தேல்கண்ட் ராஜபுத்திரர்களும் இருந்தார்கள். அப்படி வந்த புந்தேலர்களில் ஒருவரான சரூப் சிங்கிடம் கோட்டை ஒப்படைக்கப்பட்டது. அவர் மகன்தான் தேஜ் சிங். தேஜ் சிங் என்ற பெயர் நம் நாக்கில் தேசிங்கு ஆயிற்று. ஆக, நம் தேசிங்கு தமிழரும் அல்ல, செஞ்சிக்குப் பரம்பரை ராஜாவும் அல்ல. முகலாய பாதுஷா கொடுத்த உத்தியோகத்தில் இருந்தவரின் பிள்ளை.

சரூப் சிங் நவாபுக்குச் சேர வேண்டிய தொகையை வருடக்கணக்காக நிலுவை வைத்திருந்தார். அவர் இறந்ததும் மகன் வடக்கேயிருந்து வந்து கோட்டையை எடுத்துக்கொண்டான். 'என்னிடம் பாதுஷா சனது இருக்கிறது' என்பது அவன் வாதம். 'அந்தப் பாதுஷா போய்ச் சேர்ந்துவிட்டார், புதிய பாதுஷாவிடம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முன் நிலுவையைக் கட்டு' என்பது நவாப் வாதம். எங்கள் இலாகா பாஷையில் சொன்னால், தகப்பன் பெயரில் இருந்த பட்டாவைப் பெயர் மாற்றம் செய்யாமல், தீர்வை பாக்கியும் கட்டாமல், மகன் அனுபவத்தில் இருக்கிறான். இப்படி எத்தனை ஃபைல் பார்த்திருப்பேன்! நல்லவேளை, எங்கள் காலத்தில் நோட்டீசோடு போயிற்று.

1714 அக்டோபர் 3-ஆம் தேதி நடந்த சண்டைக்கு இதுதான் காரணம். பாட்டில் மாவீரனாக வருபவன், பாரசீகத்தில் ஆணையை மீறிய இளைஞன். இரண்டும் ஒரே ஆள்தான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது என்பார்கள். ஒரு வருடம்கூட முழுசாக ஆளவில்லை.

சரி, நவாபின் பெருமையைப் பாரசீகத்தில் எழுதிய அந்த ஆசிரியர் யார்? ஜஸ்வந்த் ராய். ஒரு இந்து. நவாபிடம் எழுத்து வேலை பார்த்தவர்.

இன்னொருவரையும் விசாரித்தேன். கப்பம் கேட்டுச் செஞ்சிக்கு வந்த நவாபின் அதிகாரி தோடர்மல். பாட்டில் தோன்றமல்லன் என்று பெயர் திரிந்து வருகிறார். இவரைக் காஞ்சிபுரம்காரர்களுக்கு வேறு விதமாகத் தெரியும். படையெடுப்புக்குப் பயந்து உடையார்பாளையத்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட வரதராஜப் பெருமாள் திருமேனியைத் திரும்பக் காஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் தோடர்மல் என்று அந்தக் கோயிலில் 1710-ஆம் வருடத்துக் கல்வெட்டு இருக்கிறது. செஞ்சிச் சண்டைக்கு நாலு வருடம் முந்தி.

இப்போது இரண்டு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திப் பாருங்கள். இந்தப் பக்கம் இந்து ராஜா, அவனுக்காக உயிர் கொடுத்த மகபத்கான். அந்தப் பக்கம் முஸ்லிம் நவாப், அவருக்காகக் கணக்குப் பார்த்த தோடர்மல், அவர் சரித்திரத்தை எழுதிய ஜஸ்வந்த் ராய். ஒரு தரப்பை மட்டும் கேட்டால் கோடு நேராக இருக்கும். இரண்டு தரப்பையும் கேட்டால் கோடு எங்கே என்றே தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே முகத்தை வைத்த அந்தச் சினிமா அவ்வளவு ஒன்றும் தப்பில்லை.

சண்டை முடிந்தபின் நடந்தது இன்னொன்று. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டை என்று ஊர் ஏற்படுத்தினார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. தோற்ற எதிரியின் மனைவி பெயரில் ஜெயித்தவர் ஊர் கட்டினார் என்று ஜனங்கள் முந்நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அந்தச் சொல்லுக்கே ஒரு மரியாதை உண்டு.

கேமரா போகாத மூன்றாவது பக்கம்

ஸ்தல விசாரணை என்றால் இரண்டு தரப்போடு முடிவதில்லை. பக்கத்து நிலத்துக்காரரையும் கேட்க வேண்டும். அது நாம்தான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெருமுக்கல் மலை. சின்ன வயதில் ஆடு மேய்க்கிற பையன்களோடு ஏறியிருக்கிறேன். மேலே கோட்டை இடிபாடு. அங்கே யார் சண்டை போட்டார்கள் என்று அப்போது தெரியாது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் இங்கிலீஷ்காரர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நடந்த பெரிய சண்டையைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் ஜெயித்த அயர் கூட், புதுச்சேரியை நோக்கி வருகிற வழியில் பிடித்த கோட்டைகளில் பெருமுக்கலும் ஒன்று.

வந்தவாசியிலும் இதே விசித்திரம். இங்கிலீஷ் தளபதி கூட் பிறந்தது அயர்லாந்தில். பிரெஞ்சுத் தளபதி லாலியின் தகப்பனாரும் அயர்லாந்திலிருந்து பிழைக்கப் போனவர். அயர்லாந்துக்காரர் மகன்கள் இரண்டு பேர், ஒருவர் இங்கிலாந்து ராஜாவுக்காகவும் ஒருவர் பிரான்ஸ் ராஜாவுக்காகவும், நம் வேர்க்கடலைக் கொல்லையில் வந்து அடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் நம் நாட்டுச் சிப்பாய்கள் வேறு. தோற்றுப்போய் ஊர் திரும்பிய லாலியை எதிரி கொல்லவில்லை. அவருடைய ராஜாங்கமே துரோகக் குற்றம் சாட்டி 1766-இல் பாரீசில் தலையை வெட்டியது.

இதையெல்லாம் இரண்டு பக்கத்திலும் துரைமார்கள் எழுதி வைத்தார்கள். மூன்றாவது பக்கத்தில் எழுதியவர் என்றால் நமக்கு ஆனந்தரங்கப் பிள்ளை ஒருவர். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் துரையிடம் துபாஷாக இருந்து, இருபத்தைந்து வருடம் நாட்குறிப்பு எழுதினார். படை வருகிறது என்ற பேச்சு கிளம்பினாலே ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடுவது, ஊர்கள் சூறையாடப்படுவது, தானியம் விலை ஏறுவது எல்லாம் அதில் இருக்கிறது. 1761 ஜனவரியில், புதுச்சேரி இங்கிலீஷ்காரர் கைக்குப் போன அதே மாதத்தில், அவர் காலமானார்.

தேசிங்கு சண்டைக்கு அப்படி ஒரு நாட்குறிப்பு இல்லை. ஆனால் அக்டோபர் 3 என்றால் புரட்டாசி. நமக்குத் தெரியாதா, புரட்டாசியில் வயலில் என்ன இருக்கும் என்று? நாற்றங்காலோ, நட்ட சம்பாவோ இருந்திருக்கும். இரண்டு பக்கத்துக் குதிரைகளும் அதில்தான் போயிருக்கும். குதிரைக்குளம்புக்கு இந்து, முஸ்லிம் தெரியாது. அந்த வருடம் கடலிப் பக்கத்துக் குடியானவன் தீர்வையை யாருக்குக் கட்டினான், எதை விற்றுக் கட்டினான்? அதை ஒரு பாட்டும் சொல்லவில்லை, பாரசீகமும் சொல்லவில்லை. இரு தரப்பையும் காட்டுகிற பெரிய பெரிய சினிமாக்களிலும் அந்த ஆள் ஓரமாக ஓடி மறைகிறவன்தான்.

பாதி டீ

விசாரணை முடிந்தது. அறிக்கையை யாரிடம் கொடுப்பது? முதலில் சிநேகிதன் வீட்டுக்குப் போனேன். டீக்கடைச் சம்பவத்துக்குப் பிறகு அவன் காலையில் வருவதை நிறுத்தியிருந்தான். கால் வலி என்று பேத்தியிடம் சொல்லி அனுப்பியிருந்தான். கால் வலி இல்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

திண்ணையில் உட்கார்ந்து, மோவுத்துக்காரன், தோடர்மல், ஜஸ்வந்த் ராய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னான்.

"இதெல்லாம் எனக்கு இன்னாத்துக்குச் சொல்ற? அந்தப் பையன்கிட்ட, அன்னிக்கே, அங்கியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்தான்," என்றேன். வேறு என்ன சொல்வது? தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. மோவுத்துக்காரன் கதையை பத்து வயதிலேயே நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கேட்டிருந்தோம், அதே தாத்தாவிடம்.

கொஞ்ச நேரம் இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பேத்தி டீ கொண்டுவந்தாள். குடித்துக்கொண்டே கேட்டான்: "ஏன்டா, அன்னிக்குக் கொட்டாயில நீ எந்த எம்.ஜி.ஆருக்கு விசில் அடிச்ச?"

"எனக்கு எங்கடா விசில் வரும்? எனக்கும் சேத்து நீதான் அடிச்ச."

"ஆமா, ரெண்டு பேருக்கும் அடிச்சேன்," என்று சிரித்தான். இந்தத் தடவை டீயை மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் டீக்கடைக்கு வந்தான். நான் அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சிநேகிதன் எதிரிலேயே, இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவன் பாதி நம்பினான், பாதி நம்பவில்லை. "நீங்க சொல்றதுக்கு என்ன ஆதாரம் தாத்தா?" என்று கேட்டான். எனக்கு அது பிடித்திருந்தது. கைப்பேசியில் வந்ததற்கும் இனிமேல் அதையே கேள் என்றேன். மூன்று பேரும் ஒருநாள் சிங்கவரமும் கடலியும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகப் பேச்சு. மழைக்காலம் கழியட்டும், எங்கள் இரண்டு பேர் முழங்காலும் ஒத்துழைக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் செஞ்சி, கடலி, வழுதாவூர்ப் பக்கத்துக்காரர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தச் சண்டையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். ராஜா பக்கமோ, நவாப் பக்கமோ, எந்தப் பக்கமானாலும் சரி. வயல் பக்கத்துக் கதை யாரிடமாவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அதைத்தான் நான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.